கூடையில் சிவந்த பச்சைத் தேயிலை

பச்சைத் தேநீர் ஒரு கடையில் மணக்கிறது, இன்னொரு கடையில் வைக்கோல் ஊறிய தண்ணீராக இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் கோல சிலாங்கூர் பக்கம் கிளம்பினோம். மனைவியின் தோழி மேரி அக்கா அங்கே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தன் வீட்டின் பின்னால் தேயிலை வைத்திருக்கிறார். மலையில்லாத ஊரில் தேயிலையா என்று நானும் சிரித்தவன்தான். செடிகள் நன்றாகவே இருந்தன.

நாங்கள் இருக்கும் புக்கிட் செந்தோசாவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். போகவர பெட்ரோல் செலவு இருபது வெள்ளிக்குள் அடங்கிவிடும். மதியம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று ஒன்பது மணிக்கே கிளம்பினோம். சாலை காலியாக இருந்ததால் வழியில் எங்கும் நிற்காமல் பத்து மணிக்கே போய் இறங்கினோம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

அக்கா அப்போதுதான் ஒரு கூடை கொழுந்து பறித்து முடித்திருந்தார். புஞ்சாக் ஆலாமில் ஒரு காப்பிக் கடைக்காரர் மறுநாள் சுவைத்துப் பார்த்து, பிடித்தால் மாதாமாதம் வாங்குவதாகச் சொல்லியிருந்தாராம்.

"இளங்கொழுந்தா இருக்கணும். பறிச்ச கையோட குவாலிச் சட்டியில வறுக்கணும். லேட்டானா செவந்திடும், அப்புறம் அது சாதா டீத்தூள்தான் லா," என்றார். நான் தேடி வந்த பதில் வாசலிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்த கேள்வி அவருடையது. "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் குழம்பு வைக்கக் கோழியை எடுத்தார். "மொதல்ல எலையப் பாருங்கக்கா," என்று மனைவி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வந்தவங்களப் பட்டினி போட்டுட்டு எலையக் கிண்டிக்கிட்டு நிக்கவா? நல்லா இருக்கே!"

சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி ஒன்றரை. அக்கா கூடைக்குள் கையை விட்டார். அமுங்கிக் கிடந்த இலை வெதுவெதுப்பாக இருந்தது. ஓரமெல்லாம் செம்பு நிறம்.

"அடுத்த கொழுந்து எப்பக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் ஆவும் லா. பரவால்ல, வுடுங்க."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அந்தக் கடைக்காரர் காத்திருக்கவில்லை, வேறு ஒருவரிடம் வாங்கிக்கொண்டார் என்று அடுத்த வாரம் மனைவி சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: கொழுந்து பறிக்கும் நாளில் சொன்ன நேரத்துக்கு முன்னால் போகாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எங்களுக்கு அன்று கோழிக் குழம்பு பிரமாதமாக இருந்தது. நான் இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.