ரேடியோவுக்கு ஓர் அபிவாதயே

பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் எதிராளி பேசுவது நம் காதில் விழாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. கண்டுபிடித்ததும் நானில்லை, என் அக்காதான். வெட்கப்பட வேண்டிய இடம் இதுகூட இல்லை. அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான பரீட்சையில் இதையே ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தார்கள். நான் சரியாக விடையும் எழுதியிருந்தேன். பன்னிரண்டு வயது நிரம்பினால் போதும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, சென்னைக்கு ரயிலேறிப் போய், தாடி வைத்த அண்ணன்மார்களுக்கு நடுவே கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து எழுதித் தேறியவன் நான். கைக்குத் தெரிந்த விடை விரலுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் தூண்டுகோல் பெங்களூர் மாமா. அவரும் உரிமம் வாங்கிய ரேடியோக்காரர். பரீட்சை எழுதிப் பல மாதம் கழித்து, எனக்குப் பதின்மூன்று வயது ஆனபோது உரிமம் வந்தது. அதே மாதத்தில் வீட்டில் எனக்குப் பூணூலும் போட்டார்கள். பூணூலுக்கு வந்த மாமா எல்லோரையும்போல வெள்ளிக் கிண்ணம் கொடுக்காமல், கையடக்கமான ஒரு ரேடியோ செட்டையும், செப்புக் கம்பியில் தன் கையாலேயே செய்த ஆன்டெனாவையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு அடையாளங்கள் கிடைத்தன. ஒன்று, அரசாங்கம் தந்த கால் சைன்: வீயூ த்ரீ என்று தொடங்கி மூன்று எழுத்தில் முடியும். வானலையில் அதுதான் என் பெயர். இன்னொன்று, அபிவாதயே. பெரியவர்களைச் சேவித்து எழுந்து, இரண்டு கைகளாலும் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நான் இன்ன ரிஷிகளின் வழியில் வந்தவன், இன்ன கோத்திரம், இன்ன சூத்திரம், இன்ன வேதம், இன்ன பெயர் என்று வடமொழியில் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். அப்பாவுக்குத் திருமலையில் கோயில் கைங்கரியம். மலைக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் திருப்பதியில் எங்கள் வீட்டில்தான் பையை வைப்பார்கள். வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, "நீ யாருன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். அந்த ஒரு மாதத்தில் நான் சொல்லிச் சொல்லி, கேள்வி முடிவதற்குள் கை தானாகக் காதுக்குப் போகிற நிலைக்கு வந்திருந்தேன்.

ஆன்டெனாவை உயரத்தில் கட்ட வேண்டும். வீட்டிலேயே நீளமான கழி எது என்று தேடினேன். அம்மா மடிப்புடவையைக் கொடியில் ஏற்றும் மூங்கில் கழி. குளிக்காதவர்கள் அதைத் தொடக் கூடாது. நான் தொட்டதோடு நில்லாமல், அதன் உச்சியில் செப்புக் கம்பியைச் சுற்றி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டியும்விட்டேன்.

அம்மா மாடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். "மடிக்கோல்டா அது! நான் புடவையை எதால ஏத்தறது? ஒன் தலையாலயா?"

வழக்கு அப்பாவிடம் போனது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலைக்கு முறை. தீர்ப்பு இரண்டே வரி: "ஞாயித்துக்கெழமை நான் பஸ் ஏறறதுக்குள்ள யாராவது ஒருத்தர் உனக்குப் பதில் சொல்லணும். இல்லேன்னா கழி அம்மாவுக்கு, பெட்டி பரணுக்கு. பத்தாவது முடிச்சப்பறம் எடுத்துக்கோ."

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது முடிவதற்குள் எனக்கு வயசாகிவிடும் என்று நினைத்தேன்.

பதில் என்றால் ஏதோ ஒரு ஹலோ போதாது. எதிராளி என் கால் சைனை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லி, நான் பேசுவது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று மதிப்பெண்ணும் சொன்னால்தான் அது தொடர்பு. அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுதலாம். மாமா அடித்துச் சொல்லியிருந்தார். 'ஏர்'ல, அதாவது வானலையில், மதமும் அரசியலும் பேசக் கூடாது என்பதும் அவர் சொன்ன விதிதான். நோட்டில் முதல் பக்கத்தில் கோடெல்லாம் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தேன். சீக்யூ, சீக்யூ என்று கூப்பிட வேண்டும். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். கூப்பிட்டுவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் பக்தியோடு காத்திருந்தேன். வியாழன், வெள்ளி, சனி. ஆந்திரப் பிரதேசத்தில் என்னைத் தவிர உயிரோடு ஒருவருமில்லை என்று தோன்றிவிட்டது.

ஞாயிறு காலை அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். என்னை மனிதனாக மதிப்பதில்லை.

"ஏண்டா, அந்தச் சேப்பு லைட்டு எதுக்கு எரிஞ்சிண்டே இருக்கு?"

"அது... நான் பேசறேன்னு அர்த்தம்."

"இப்ப நீ பேசலையே?"

அதற்குமேல் அவள் விளக்கம் கேட்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். "அசடு! நீயே பேசிண்டு நீயே கேட்டுண்டிருந்தா அதுக்குப் பேரு ரேடியோ இல்லடா, வேற."

மணி பதினொன்று இருபது. அப்பா கீழே திருமண் இட்டுக்கொண்டிருந்தார். நான் சீக்யூ சொன்னேன். விரலை எடுத்தேன். புஸ்ஸென்று இரைச்சல் கேட்டது. நான்கு நாளில் அந்த இரைச்சலைக்கூட நான் கேட்டதில்லை. அது அடங்கவும் ஒரு குரல் வந்தது. அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது.

"அப்பாடா! பட்டன வுட்டுட்டியா நைனா? நாலு நாளா நானும் கூப்ட்டுக்கினே கீறேன், நீ வுட்டாத்தானே! உங்க அம்மாவுக்கு அந்தக் கழி கெடச்சுதா இல்லியா?"

குரல் நிற்கவில்லை. "வெள்ளிக்கெழம உங்க ஊட்ல சேனக்கெழங்கு. உங்க அக்கா துன்ன மாட்டேன்னு ஒரே ரகள. கேட்டுக்கினேதான் இருந்தேன்."

அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலை எடுக்காத நான்கு நாளும் எங்கள் வீட்டு மாடிச் சண்டைகள் அத்தனையும் வானலையில் போயிருக்கின்றன.

பிறகு அவர் தன் கால் சைனை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வீயூ டூ என்று தொடங்கியது. என் வீயூ த்ரீயைவிட அது உயர்ந்த வகுப்பு உரிமம், பரீட்சையும் கடினம். அன்று எனக்குத் தெரிந்த மேல், கீழ் எல்லாம் அது ஒன்றுதான். ஆக, பேசுகிறவர் பெரியவர் என்பது உறுதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்:

"இப்ப நீ யாருன்னு சொல்லு நைனா. ஓவர்."

சொல்ல வேண்டியது ஐந்தாறு எழுத்து. ஆனால் என் உடம்பு அந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பழகியிருந்தது. செட்டைத் தொட்டியின் விளிம்பில் பவ்யமாக வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தேன். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் வீடு வடகலையா தென்கலையா என்று தெரிந்து பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

"என்னடா பண்றே?" என்றாள் அக்கா.

எழுந்து செட்டை எடுத்தேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. காது இரண்டு, கை இரண்டு, பொத்தான் ஒன்று. இடது கையால் பொத்தானை அழுத்தி, வலது கையால் கிடைத்த ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூன்று ரிஷிகளில் தொடங்கிப் பெயர்வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முடித்த பிறகும் ஏதோ குறைவதுபோல இருந்ததால் நானாக ஒன்றைச் சேர்த்தேன்.

"தண்டன் சமர்ப்பிச்சுட்டேன் மாமா. நீங்க எந்தத் திக்குல இருக்கேள்னு தெரியல. அதனால கெழக்கப் பாத்து சேவிச்சேன். ஓவர்."

விரலை எடுத்தேன். இரைச்சல்.

இரைச்சல் தொடர்ந்தது. அக்கா தொட்டி ஓரமாக உட்கார்ந்து, சத்தம் வராமல் சிரிக்கப் பாடுபட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் செட்டை உலுக்கினேன். பேட்டரி தீர்ந்துவிட்டதா? கோபித்துக்கொண்டு போய்விட்டாரா? ஒரு காதை மட்டும் பிடித்தது தெரிந்துவிட்டதா? மணி பதினொன்றரை ஆகப்போகிறது. கால் சைன் சொல்லவில்லை, மதிப்பெண் வரவில்லை, நோட்டில் கோடு மட்டும்தான் இருக்கிறது. பரண் வாயைத் திறந்துகொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. முழுதாக ஒரு நிமிடமாவது போயிருக்கும்.

பிறகு ஒரு செருமல். அதே குரல்தான், வேகம் மட்டும் குறைந்திருந்தது.

"நாங்க தென்கெழக்குல கீறோம் பா."

ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கோத்திரம்லாம் எழுதிக்கினேன். கால் சைன சொல்லு."

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக, பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது என்று மதிப்பெண் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு அப்படி அள்ளிக் கொடுத்ததில்லை. நோட்டில் எழுதினேன். ஊர் கேட்டேன்.

"நாராயணவனம் தாண்டி. ஊருக்குள்ள இல்ல பா, காலனில கடேசி ஊடு. கம்பம் ஒசரமா நிக்கும், அதான் அடையாளம். போர் மோட்டாருக்கு காயில் கட்றேன். எங்க நைனா கூலிக்கு மண்வெட்டி புடிச்சாரு, நான் கூலிக்குக் கம்பி சுத்தறேன். சரே, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உங்க நைனா கத்தப் போறாரு. போய்ட்டு வா."

திரும்பிப் பார்த்தேன். மாடிப்படி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண், தோளில் பை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"யாரு?" என்றார்.

நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தேன். கால் சைன், நாராயணவனம், காலனியில் கடைசி வீடு, காயில் கட்டும் வேலை. ஒன்றையும் விடவில்லை. காலனி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்றில்லை; அதற்கும் நான் சேவித்ததற்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் தெரியாது.

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். நான்கு வரி எழுதியிருந்த பக்கத்தை அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது? ரேடியோவின் மகிமையைக் கண்டு வாயடைத்துப் போயிருக்கிறார் என்று முடிவு செய்து, பெருமையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அக்காவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"அபிவாதயே முழுக்கச் சொன்னியா, பாதில விட்டியா?"

"முழுக்கச் சொன்னேன்ப்பா. காதுதான் ஒண்ணு. இன்னொரு கையில பட்டன்."

"உம்."

நோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே அம்மா கேட்பது மாடிவரை கேட்டது. "பதில் வந்துதாமே? யாராம்? என்ன கோத்ரமாம்?"

"கேட்டுக்கல," என்றார் அப்பா. "கழியை அவனே வச்சுக்கட்டும். வரச்சே உனக்கு வேற வாங்கிண்டு வரேன்."

அத்தோடு வழக்கு முடிந்தது. பெட்டி பரணுக்குப் போகவில்லை. அப்பா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இப்போது எனக்கு வேலை, மீசை, தொந்தி மூன்றும் வந்துவிட்டன. ஞாயிறு காலைகளில் அவரோடு இன்னும் பேசுகிறேன். என் கால் சைனைச் சொல்லி அவர் அழைப்பதில்லை, "இன்னா பா கோத்திரம், நல்லா கீறியா?" என்றுதான் தொடங்குவார். கல்லூரி நாளில் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டேன். அம்மாவிடம் நாராயணவனம் கோயிலுக்குப் போனதாகச் சொன்னேன். கோயில் வழியில்தான் இருக்கிறது, பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். பொய் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அவரை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று நானும் பல தடவை அழைத்திருக்கிறேன். எப்போதும் வானலையில்தான் அழைத்திருக்கிறேன், நேரில் இருந்தபோது அழைத்ததில்லை என்பது போன வாரம்தான் உறைத்தது. "வாரா வாரம் உங்க ஊட்டு மாடிக்கு வந்துக்கினுதானே கீறேன்" என்று அவர் சிரித்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு வாக்கில் கேட்டே விட்டேன். "அன்னிக்கு நான் அபிவாதயே சொன்னப்பறம் அத்தனை நேரம் சத்தமே இல்லையே. என்ன பண்ணிண்டிருந்தீங்க? ஓவர்."

அதே பழைய செருமல். பிறகு சொன்னார்:

"அதெல்லாம் ஏர்ல பேசக் கூடாது பா."