பீச்சிக்காரி மீது விழுந்த பழி

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

கடல் ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, அங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் எனக்குப் பதினேழு வருஷப் பழக்கம். கடல்நீர் மாற்றுவது, வடிகட்டி கழுவுவது, பீச்சிகளுக்குப் பாசி கரைத்து ஊற்றுவது எல்லாம் அவள் பாடு. பீச்சி என்று நாங்கள் சொல்வது விரல் நீளத்தில் வழுவழுவென்று பை மாதிரி ஓர் உயிர். பாறையை விட்டு நகராது, தொட்டால் தண்ணீர் பீய்ச்சும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில். உப்புத் தண்ணீரில் ஊறி அக்காவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

போன மாதம் புதிதாக வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருநாள் காலையில் பீச்சி முட்டைகளை விந்தோடு கலந்து கண்ணாடித் தட்டில் வைத்தார். கருவுற்றால் ஒரு மணி நேரத்தில் முட்டை இரண்டாகப் பிளக்கும்; இரண்டு மணி நேரமாகியும் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. டைரக்டர் பார்க்க வரும் நாள் வேறு. மனிதர் நேரே அக்காவிடம் பாய்ந்தார்.

"தண்ணிய ஒழுங்கா மாத்துனியா? உன் சோம்பேறித்தனத்துல எல்லாம் பாழ். நாளையிலேருந்து வேலைக்கு வராத."

அவளைவிடப் பத்து வயது சின்னவர். எனக்கு ரத்தம் கொதித்தது.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "முட்டையும் விந்தும் எத்தனை பீச்சியிலேருந்து எடுத்தீங்க சார்?"

"ரெண்டும் ஒண்ணுக்குள்ளயே இருக்கே, இன்னொண்ணு எதுக்கு? உனக்கு அது தேவையில்லாத பேச்சு."

வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது அங்கேதான். பீச்சியின் முட்டையைச் சுற்றி ஓர் உறை உண்டு. அந்த உறையிலும் விந்திலும் அதன் மரபணு போட்ட அடையாளம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால், வந்தது தன்னுடையதே என்று உறை விந்தை உள்ளே விடாது. வேறு பீச்சியின் விந்து என்றால்தான் வழி. சொந்த விந்திலேயே கருவுற்றால் வம்சம் நொடித்துப்போகும். பை மாதிரி கிடக்கும் ஓர் உயிருக்குத் தெரிந்தது பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை!

அவர் போன் பேச வெளியே போனதும் அக்கா அடுத்த தொட்டியிலிருந்து வேறொரு பீச்சியை எடுத்தாள். எத்தனையோ ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கூட நின்று இதையே செய்து கொடுத்த கை. அதன் விந்தில் நாலு சொட்டு, அதே தட்டில், அதே முட்டைகள் மேல். ஒரு மணி நேரம் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தால் முட்டைகள் இரண்டிரண்டாகப் பிளந்து நின்றன.

டைரக்டர் வந்து குனிந்து பார்த்தார். அதற்குள் திரும்பி வந்து தட்டைப் பார்த்துவிட்டிருந்த அந்தப் புண்ணியவான் முந்திக்கொண்டார். "தண்ணிதான் கோளாறு சார். மாத்தச் சொன்னேன், சரியாயிடுச்சு."

கூசாமல் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"தண்ணி அதேதான் சார்," என்றாள் அக்கா. "அப்பன்தான் வேற."

டைரக்டர் நிமிர்ந்து ஆராய்ச்சிக்காரரைப் பார்த்தார். "காலையில எத்தனை பீச்சி எடுத்தீங்க?"

"ஒண்ணு சார்."

அக்காவின் வேலை தப்பியது. மறுநாள் அந்த ஆள் தொட்டி அறைக்கு வந்து, "அக்கா, ரெண்டு பீச்சி எடுத்துக் குடுங்க" என்றார். இப்போது அக்காவாம்! மன்னிப்புக் கேட்க மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை.