ஒற்றை மாட்டுக்குச் சோளம்

இந்த ஊர் வீடுகளில் அடுப்பு இருக்கிறது, தீ கிடையாது. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று, அதில் நான்கு வட்டங்கள். விரலால் தொட்டால் வட்டம் சிவக்கும், பாத்திரம் சுடும், சோறு வேகும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் வந்து நான்கு வருடமாகியும், காலையில் பால் காய்ச்சப் போனால் என் கை தானாக லைட்டரைத் தேடுகிறது. ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கப்பலில் எந்தக் கண்டெய்னர் எங்கே உட்கார வேண்டும் என்று கணினியில் அடுக்கிக்கொடுக்கும் வேலை எனக்கு. ராயபுரத்துக்காரனுக்குக் கண்டெய்னர் புதிதில்லை, தீயில்லாத அடுப்புதான் புதிது. அதையும் ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. போன ஆகஸ்டில் ரெஜினா, என் மனைவி, "எனக்கு சுட்ட சோளம் வேணும்யா" என்று கேட்டபோதுதான் அந்தக் கண்ணாடிப் பலகையை முதல்முறையாக முறைத்துப் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். மற்றவர்களுக்கு மூன்றாம் மாதத்தோடு போய்விடும் மசக்கை இவளைவிட்டுப் போகவே இல்லை. ரசம் வைத்தால் குமட்டும், ரொட்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பாட்டைவிடப் பெரிய சண்டை ஒன்றும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் கட்சி. அம்மா வீடு வடசென்னையில் சடையங்குப்பம். பிரசவ நாளோ டிசம்பர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி வந்தா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ணுவாங்க? எதிர் வூட்டு மாடிக்குப் போவோம். போன தபா அப்டித்தான் போனோம்."

"போன தபா உன் வயித்துல புள்ள இல்ல."

அவள் எழுந்து போய்விட்டாள். மழை மட்டும் என் காரணமில்லை. சின்ன வயதில் எனக்கு மூச்சிரைப்பு. கடலோரச் சாலையில் லாரிப் புழுதியும் புகையும் சேர்ந்த காற்றில், ஒரு மூச்சை இழுக்க நெஞ்சு படும் பாட்டை நான் அறிவேன். என் பிள்ளையின் முதல் மூச்சு இந்த ஊரின் சுத்தமான காற்றாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அவளுக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே கிடைத்துவிட்டால் போகிறேன் என்று சொல்ல மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். சோளம் என் கண்ணுக்கு லஞ்சமாகத் தெரிந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சோளம் எங்களுக்குச் சும்மா ஒரு தின்பண்டம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நாங்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் சோளவண்டிக்குப் பக்கத்தில்தான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். அந்த வரிசைக்கும் கடலுக்குக் கொட்டிய கருங்கல்லுக்கும் நடுவே ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருப்பார். தகரச் சட்டியில் கரி, கையில் அட்டை விசிறி. விசிறினால் பொறி பறக்கும், சோளம் படபடவென்று வெடிக்கும். அங்கே சோளத்தைக் கடைக்காரர் எடுத்துத் தருவதில்லை. நாம்தான் தோகையை விலக்கி, ஒரு முத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். பால் தெறித்தால் இளசு, மாவாக நகத்தில் ஒட்டினால் பதம், நகமே இறங்காவிட்டால் முற்றல். ரெஜினா ஏழெட்டுக் கருதையாவது நகம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை எடுப்பாள்.

"இன்னாமே, சோளம் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?" என்பார் அக்கா.

"மாப்ளய இப்டிப் பாக்காம உட்டுட்டேன்க்கா, அதான் சோளத்தயாவது பாக்கறேன்" என்று இவள் என்னைக் காட்டிச் சொல்வாள். அக்கா விசிறியாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிறகு பாதி எலுமிச்சம்பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒற்றி, சூடான சோளத்தின் மேல் மேலும் கீழுமாக அழுத்தித் தேய்ப்பார். அந்தச் 'சுர்' சத்தத்துக்கே எச்சில் ஊறும்.

இங்கே கடையில் சோளம் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் உறையில் இரண்டிரண்டாகப் படுக்க வைத்திருப்பார்கள், தோகை உரித்து, முடி நீக்கி, குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி. வாங்கிவந்து ஓவனில் வைத்தேன். வெந்தது, சுடவில்லை. இரும்புத் தவாவில் போட்டு உருட்டினேன். இரண்டு இடத்தில் கறுத்ததும், கூரையில் ஒட்டியிருந்த 'ராவுக்மெல்டர்' என்கிற புகைமணி அலறியது. நான் நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டிருக்கும்போதே கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். சோளம் சுடுகிறோம் என்று விளக்கினேன். அதைத் தண்ணீரில் வேகவைத்து வெண்ணெய் தடவ வேண்டும் என்று அவர் எனக்கு மிகுந்த அக்கறையோடு சொல்லிக்கொடுத்தார். பால்கனியில் கரி மூட்டக்கூடாது என்ற வீட்டு விதியையும் நினைவூட்டிவிட்டுப் போனார். ரெஜினா ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இன்னாயா இது, சக்கரத் தண்ணி மாரி கீது. இதுல சோளம் எங்க கீது?"

அவள் சொன்னது சரி. நம் ஊர் சோளத்தில் பல்லுக்கு வேலை இருக்கும். மெல்ல மெல்லத்தான் லேசான தித்திப்பு வரும். இங்கே மனிதர்கள் தின்பது வேறு இனம், வாயில் வைத்தாலே சாறு. அப்படியானால் நான் தினமும் பேருந்தில் போகும் வழியில், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சோளக்காடெல்லாம் யாருக்கு? அலுவலகத்தில் கேட்டேன். மாட்டுக்கு என்றார்கள். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. நாம் கடலோரத்தில் காசு கொடுத்துத் தின்ற சாதி சோளம் இங்கே மாடு தின்கிறது.

மறுநாள் ஒரு பண்ணை வாசலில் இறங்கினேன். அறுபது வயதிருக்கும் விவசாயி ஒருவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பேசியது வகுப்பில் நான் கற்ற ஜெர்மன் இல்லை. வார்த்தைகளின் வாலை முழுங்கிவிட்டுப் பேசும் கிராமத்துப் பேச்சு. டிவியில் சிரிப்புக் காட்டுவதற்காக இந்த ஊர்க்காரர்கள் பேசிக்காட்டும் பேச்சு அது. நம் சென்னைப் பாஷையும் சினிமாவில் அதே பாடு படுவதால் அவர்மேல் எனக்கு உடனே ஒரு பாசம் வந்துவிட்டது. பாதிதான் புரிந்தது, இருந்தாலும் தைரியமாகப் பேசினேன். கொஞ்சம் சோளம் வேண்டும் என்றேன். எத்தனை பேருக்கு என்பது போலக் கேட்டார். ஒருத்திக்குத்தான், வேறு எதையும் அவள் தின்ன மாட்டேன் என்கிறாள் என்றேன். அவர் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "ட்ரெக்டிஷ்?" என்று கேட்டார். வயிற்றைக் காட்டினால் வேறென்ன இருக்கும்? "ஆமாம், ஆமாம், ட்ரெக்டிஷ்! ஆறாம் மாதம்!" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகம் கனிந்துவிட்டது. முதல் தடவையா என்று விசாரித்தார். ஆமென்றேன். சோளம் மட்டும் போதாது, கூடவே 'ஹோய்' நிறையக் கொடு என்றார். ஏதோ சத்துக் கீரை என்று நினைத்துத் தலையாட்டினேன். கடைசியாக, சனிக்கிழமை அவளைக் கூட்டிவா, நானே ஒரு பார்வை பார்த்துச் சொல்கிறேன் என்றார். முன்பின் தெரியாத கர்ப்பிணிக்காக இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சம் நெகிழ்ந்துபோனேன். அவர் மனைவி மருத்துவச்சியாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து ரெஜினாவிடமும் அப்படியே சொன்னேன்.

சனிக்கிழமை அலுவலக நண்பரின் காரை இரவல் வாங்கி, ஒரு சின்னக் கரியடுப்பும் எலுமிச்சம்பழமும் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு போனோம். காற்று குளிர்ந்திருந்ததால் ரெஜினா தன் நீலக் குளிர்க்கோட்டைப் போட்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அவர் லாரியே நுழைகிற அளவுக்குப் பெரிய கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். காரைச் சுற்றி வந்தார். பின்னால் எட்டிப்பார்த்தார். பிறகு என்னிடம், "எங்கே அவள்?" என்றார்.

"இதோ" என்று ரெஜினாவைக் காட்டினேன்.

அவர் ரெஜினாவைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை மனிதர் தக்காளியாகச் சிவந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மெதுவாக, எனக்குப் புரியும் ஜெர்மனில் சொன்னார். பெண்களுக்கு வேறு சொல் உண்டாம். ட்ரெக்டிஷ் என்றால் சினையாம், மாட்டுக்குத்தான் சொல்வார்களாம். ஹோய் என்பது காய்ந்த புல்லாம். இவர்கள் மொழியில் மாட்டையும் 'அவள்' என்றே சொல்வதால், கடைசிவரை அவருக்குச் சந்தேகமே வரவில்லையாம்.

"இன்னாயா சொல்றாரு?" என்றாள் ரெஜினா.

சொன்னேன். ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. "சினை மாடா நானு? பொண்டாட்டிய மாடுன்னு சொல்லி வைக்கோலு கேட்டு வந்துகிறியே, த்தூ!" அந்த விவசாயியும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எங்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கருதை ஒடித்து, தோகையை விலக்கி, முத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பால் தெறித்தது. ரெஜினா சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவரிடமிருந்து கருதை வாங்கி அவளும் நகம் வைத்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அடுத்ததற்குப் போனாள். ஏழாவது கருதில்தான் தலையாட்டினாள். அவளுக்கும் அவருக்கும் இடையே ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

களத்து ஓரத்திலேயே கரி மூட்டினேன். தொப்பியால் விசிறினார் அவர். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கண்ணில் புகை பட்டு நீர் வழிந்தது. அவள் முழுதாக இரண்டு கருது தின்றாள். உப்பும் உறைப்பும் உதட்டில் எரிய, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு தின்றாள். அவர் ஒரு கடி கடித்துவிட்டு, இத்தனை வருடமாக என் மாடுகளுக்கு மிளகாய்த்தூள் தராமல் விட்டுவிட்டேனே என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காரில் ஏறியதும் அவள் மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இத்த எங்கம்மா கைல சொல்லணும்யா."

"வூட்டுக்குப் போனதும் போன் போட்டுச் சொல்லு."

"போன்ல சொன்னா அது சிரிக்கறது மட்டுந்தான் கேக்கும். எங்கம்மா சிரிக்க சொல்ல பக்கத்துல கீற ஆள முதுகுல தட்டும். அது இன்னும் பலமா சிரிச்சா இன்னும் பலமா தட்டும்." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு அந்த அடி வேணும்யா. சோளம் நல்லாத்தான் கீது. எனக்கு வேண்டியது சோளம் இல்ல."

 ஒரு பெண் தன் அம்மாவிடம் முதுகில் அடி வாங்க ஆசைப்படுகிறாள். அதற்கு எதிராக எந்தக் காற்றின் சுத்தத்தை எடுத்துவைப்பது? அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டேன். மழை வலுத்தால் ராயபுரத்தில் என் அண்ணன் வீட்டு இரண்டாம் மாடிக்குப் போய்விட வேண்டும், தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. அதற்கு அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள்.

விமானநிலையத்தில் குளிர்க்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இது அங்க எதுக்கு, வேகும். தோச்சு மாட்டி வெய்யி, ஒரே பொகை நாத்தம்." போய்ச் சேர்ந்த அன்றே பேசினாள். மாமியார் சிரிப்பது எனக்கும் கேட்டது, ரெஜினா, "யம்மா, வலிக்குதும்மா!" என்று கத்துவதும் கேட்டது. நானும் இங்கே சிரித்தேன், பக்கத்தில் தட்ட ஆளில்லாமல்.

இப்போது கார்த்திகை. காலையில் எழுந்தால் முதலில் சென்னையின் மழையைப் பார்க்கிறேன், பிறகுதான் இங்கே வெளியே எட்டிப்பார்க்கிறேன். அவள் நேற்றே ராயபுரத்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பேருந்து வழியில் காடெல்லாம் அறுத்துக் கட்டையாய் நிற்கிறது. என்னை வழியில் பார்த்தால் அந்த விவசாயி டிராக்டரை நிறுத்தி, பெண்களுக்கான சரியான சொல்லைக் கவனமாக உச்சரித்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்.

கோட்டை நான் துவைக்கவில்லை. வாசல் கொக்கியில் தொங்குகிறது. வேலைக்குக் கிளம்பும்போது முகத்தை அதில் வைத்து ஒரு மூச்சு இழுக்கிறேன். கரி, கருகிய தோகை, கொஞ்சம் எலுமிச்சை. புகைக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே சிரிப்பு வருகிறது. அவள் மாசியில் திரும்பி வரும்போது இங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கும். இதே கோட்டைப் போட்டுப் பிள்ளையை அதற்குள் பொத்தித்தான் வெளியே தூக்கிவர வேண்டும். முதல் மூச்சை அது ராயபுரத்தில் எடுத்திருக்கும். இங்கே எடுக்கும் முதல் மூச்சிலும் கொஞ்சம் புகை இருக்கட்டும்.