இடுப்பளவுச் சேறு

எங்கள் மொட்டை மாடியில் என் லுங்கி காய்வது சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட அளவுகோலில். உயிர்ப் பயத்தில் நான் கட்டிப்பிடித்த ஒரே பொருள் அது. கல்யாணத்தன்று மனைவியின் கையைக்கூட அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எண்ணூரில் தூர்ந்துகிடந்த ஆற்றைச் சீர்செய்யும் திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் என்ன நன்மை என்று வேலை தொடங்கும் முன்பே அளந்து சொல்லும் குழுவில் நானும் இருந்தேன். தலைமைப் பொறியாளரை மேடம் என்போம். "இன்னிக்கு ஆறு எப்படி இருக்குன்னு அளக்காம, நாளைக்கு நல்லாயிடுச்சுன்னு சொன்னா வெறும் பீத்தல்" என்பார். வெளியேற்றும் சேறு எவ்வளவோ அவ்வளவு நன்மை என்பது எங்கள் கணக்கு. வரைபடத்தில் கரையோரம் முழுவதையும் தோண்ட வேண்டிய இடமென்று மேடமே பழுப்பு தீட்டியிருந்தார்.

தண்ணீர் வற்றிய ஒரு காலையில், சேற்றின் ஆழம் பார்க்கக் கோலோடு இறங்கினேன். முழங்கால் போனது, தொடை போனது. இடுப்பும் போனபோது கோலைக் கட்டிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ராயபுரத்து மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். சற்றுத் தள்ளி, பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கவ்வியபடி கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். ஓர் அக்கா பறியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கு நைனா குதிக்கிற? குதிச்சா உள்ளதான் பூடுவ. அப்டியே மல்லாந்து படு." படுத்தேன். காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

கரையில் என் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஏதோ துள்ளியது. மறுபடி அலறினேன். இறால். "ஐய, அது எங்குளுது" என்று அக்கா அதை எடுத்துப் பறியில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தோம், கரையில் நின்றிருந்த மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இந்த இடத்தைத் தோண்டிவிட்டால் எங்கே தடவுவீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

"ஆளமாப் பூட்டா உன் ஆபீஸாண்ட வந்துதான் தடவணும்."

மேடம் கோலில் சேறு ஒட்டியிருந்த உயரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்த வாரமே வரைபடத்தில் கரையோரப் பழுப்பை அழித்தார். மணல் அடைத்த முகத்துவாரத்தை மட்டும் தோண்ட விட்டுவைத்தார். நன்மை இப்படிக் குறைந்துவிட்டால் திட்டமே தேறாது என்று மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். மேடம் நிதானமாகச் சொன்னார்: "குறையலை சார். இறால் தடவுறவங்க நஷ்டத்தையும் நன்மைன்னு கூட்டியிருந்தோம்." முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மாற்றலாகிப் போகும்போது மேடம் எனக்குத் தந்த பரிசுதான் இந்தக் கோல்.

போன ஞாயிறு எண்ணூர் போயிருந்தேன். முகத்துவாரத்தில் தண்ணீர் தாராளமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. கரையோரச் சேறு அப்படியே இருக்கிறது. தலை நரைத்த அதே அக்கா இறாலை அள்ளிக்கொண்டே கேட்டார்: "பையில போடவா நைனா, பாக்கெட்டுல போடவா?"

வீட்டுக்கு வந்து கோலை நிமிர்த்திவைத்து, அருகே நின்று பார்த்தேன். மேடம் போட்ட கோடு மங்கலாக இன்னும் இருக்கிறது, அன்றைய என் இடுப்பளவில். இன்று தொந்திக்குக் கீழே இடுப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.