நான்கு மில்லிமீற்றர்

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். வெறும் தேத்தண்ணீர் ஒரு கோப்பை. ஐந்தே முக்காலுக்கு அலுமாரியைத் திறந்து, ஆறு ஆயுதங்களையும் மேசையில் விரித்த வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். ஞாயிறுதோறும் இதுதான் வேலை. முதலில் உலர்ந்த துணி, பிறகு கராம்பெண்ணெய் இரண்டு சொட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு: எந்த நாடு, என்ன நீளம், எங்கே கிடைத்தது, எதை வைத்து அடையாளம் கண்டேன். கண்டியில் நில அளவையாளர் ஒருவரிடம் இருபத்தாறு வருடங்களாகப் படம் வரைகிறேன். அளக்காத எதையும் நான் மையால் எழுதுவதில்லை.

இரண்டாம் இலக்கம் சீனத்து இரட்டைக் கத்தி. இரண்டு பிடிகளும் உட்புறம் தட்டையானவை; ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உறைக்குள் போகும். ஐந்தாம் இலக்கம் பர்மாவிலிருந்து வந்த நீண்ட வாள். அதைக் கடைக்காரர் இறைச்சி வெட்டும் கத்தி என்று சொல்லித்தான் விற்றார்.

நான்காம் இலக்கம் கிரிஸ், மலாய் நாட்டுக் குத்துவாள். பாம்பு ஊர்வதுபோல் நெளிந்த அலகு, ஒன்பது வளைவு. மலாய்ப் படைவீரர்களோடு கண்டிக்கு வந்திருக்கலாம் என்பது ஊகம். அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அந்த அட்டையில் ‘உறை’ என்ற கட்டத்தில் ஒன்பது வருடங்களாக ஒரே சொல் இருந்தது: தெல்தெனியவில். அடுத்த ‘பொருத்தம்’ என்ற கட்டம் வெறுமை.

2014இல் கண்டியில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் காலையில் கத்தியை எனக்கு விற்றார். மாலையில் வெற்று உறையை இன்னொருவருக்கு விற்றார். இரண்டும் ஒரே சாக்கில் வந்தவை என்று இருவரிடமும் சொன்னார். அந்த இன்னொருவர் தெல்தெனியவில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டுக்குப் போவது அப்படித் தொடங்கியது. வேறு எந்த வீட்டுக்கும் நான் போவதில்லை. என் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை.

கத்தி மாப்பிள்ளை, உறை பொண்ணு என்பது எங்கள் பேச்சு. போனதும் முதல் கேள்வி எப்போதும் அவருடையதுதான்.

“மாப்பிள்ளைய கூட்டி வந்தா?”

“பொண்ண அனுப்பி வைங்க நானா.”

“எங்கட ஆக்கள்ள மாப்பிள்ளதான் பொண்ணுட ஊட்டுக்கு வார.”

“எங்க பக்கம் பொண்ணுதாங்க வரணும்.”

“அப்ப ரெண்டு பேரும் கலியாணம் இல்லாம குமராவே ஈக்கட்டும்.”

தன் பொருளை மற்றவரிடம் எடுத்துக்கொண்டு போகிறவன் தோற்றவன் என்பது எங்களுக்குள் சட்டம். ஆகவே கத்தியின் படம் அவர் சுவரில் இருந்தது, உறையின் படம் என் அலுமாரிக் கதவில். அவர் படத்தைப் பார்த்து வளைவுகளை எண்ணுவார். ஒவ்வொரு முறையும் எட்டு வரும்.

“கிரிஸ்ல வளைவு ஒத்தப்படையாத்தான் வரும் நானா. எட்டு வந்தா எண்ணினவர்லதான் பிழை.”

“கத்தி உங்கள்ட ஈக்கிற எண்டா கணக்கும் உங்கள்டதானோ?”

இரண்டாம் வருடம் ஒரு நாள் அவர் அசர் தொழ உள்ளே போனார். என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் உருக்கு அடிமட்டம் இருக்கும். உறையின் வாய் படகு வடிவில் செதுக்கிய மரம். கத்தியின் அகன்ற அடிப்பகுதி அதற்குள் இருக்கை போல அமர வேண்டும். கத்தியின் அடி எழுபத்து நான்கு மில்லிமீற்றர் என்பது எனக்கு மனப்பாடம். உறையின் வாயை அளந்தேன்: எழுபது. மரம் சுருங்கும், ஆனால் நான்கு மில்லிமீற்றர் சுருங்கினால் வெடித்திருக்கும். இது வெடிக்கவில்லை. வேறு கத்தியின் உறை.

அவர் தொழுதுவிட்டு வந்தபோது அடிமட்டம் பைக்குள் போயிருந்தது. அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் அதற்கடுத்த மாதம் எதற்காகப் போவேன் என்பதையும் நினைத்தேன்.

பிறகு 2019 வந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பொலிஸார் முஸ்லிம்களின் வீடு வீடாக வாள்கள் தேடிய நாட்களில் அவர் வீட்டில் வெற்று உறை கிடைத்தது. கத்தி எங்கே என்று மூன்று மணித்தியாலம் கேட்டிருக்கிறார்கள். வாங்கும்போதே வெறுமையாகத்தான் இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“மாப்பிள்ள எங்க, மாப்பிள்ள எங்க எண்டே கேட்டாங்க தம்பி. பொண்ணு மட்டும்தான் ஈக்கி எண்டேன்” என்று எனக்குச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அதன்பிறகு அந்த உறை என் கத்தியினுடையது அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த நவம்பர் 2ஆம் திகதி தொலைபேசியில் அழைத்தார். மனைவி காலமான பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று கனடாவிலுள்ள மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கள் இரவு விமானம், இனித் திரும்புவதில்லை. “நான்தான் தோத்த. உறைய உங்களுக்கே தாரேன். கத்திய மட்டும் கொண்டு வாங்க. அது உள்ள போறத ஒருக்கா பாக்கணும்.”

ஞாயிறு ஒன்பது இருபதுக்குக் கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். கதவைப் பூட்டினேன். திரும்பத் திறந்து, கத்தியை அலுமாரியில் வைத்துவிட்டு வெறும் பையோடு தெல்தெனிய பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் மிச்சமிருந்தன. சுவரில் கத்தியின் படம் இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. அவர் என் பையைத்தான் பார்த்தார்.

“எங்க மாப்பிள்ள?”

“மறந்துட்டேன் நானா.”

“ஆரு, நீங்களா?”

“பஸ்ல ஏறின பொறகுதான் ஞாபகம் வந்திச்சு.”

“பஸ் டிக்கட்ட கூட தேதி போட்டு வச்சீக்கிற ஆள், இண்டைக்கு மறந்தாம்.” பிறகு உள்ளே போய், பழைய சாரமொன்றில் சுற்றிய உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். “சரி, பொண்ணே வரட்டும். உங்கட சட்டப்படியே.”

தேத்தண்ணீர் குடித்தோம். வழக்கமான சண்டைக்கு எதுவும் இல்லாததால் மழையைப் பற்றிப் பேசினோம். படிவரை வந்து, “போய் போட்டுப் பாத்து போட்டோ அனுப்புங்க” என்றார். திகன தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்கு மேசையில் இரண்டையும் வைத்தேன். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முயன்றேன். அலகு இறங்கியது, அடிப்பகுதி வாயில் முட்டி நின்றது. ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு வெளியே தெரிந்தது. எந்தப் படத்திலும் அது தெரியும்.

கிரிஸின் பிடி அலகின் மெல்லிய வாலில் துணி சுற்றிச் செருகப்பட்டிருக்கும். மெதுவாகத் திருகினால் கழன்றுவிடும். நான் திருகினேன். அலகை அலுமாரியில் வைத்தேன். வெற்று உறையை வெள்ளைத் துணியில் கிடத்தி, பிடியை மட்டும் அதன் வாயோடு சேர்த்து வைத்தேன். முழுதாகப் பொருந்திய கிரிஸ் அப்படித்தான் இருக்கும். படம் எடுத்தேன். என் அளவைகளைச் சரிபார்க்கும் அதே கண்ணால் பார்த்தேன், குறை தெரியவில்லை. அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் அவருடைய குரல் வந்தது. “அல்ஹம்துலில்லாஹ். அழகா ஈக்கி தம்பி.” ஒரு மூச்சு. “உள்ள போகக்குள்ள சத்தம் கேட்டா?”

கேட்டது நானா, என்று எழுதினேன்.

மறுநாள் திங்கள், ஐந்து பத்துக்கு எழுந்தேன். தண்ணீர் வைக்கும் முன்பே அலுமாரியைத் திறந்து நான்காம் இலக்க அட்டையை எடுத்தேன். ‘தெல்தெனியவில்’ என்ற சொல்லை அடிமட்டம் வைத்து ஒரே கோட்டால் அடித்தேன். பக்கத்தில் ‘இங்கே’ என்று எழுதி, பொருத்தம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.