ரஹீமா லாத்தாவின் மஞ்சள் பால்

ரஹீமா பீவியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய கணவர் செய்கு முகம்மதுவையும் பிடித்துத்தான் இருந்தது, போன ரமலான் வரைக்கும்.

ஜித்தாவில் ஷரஃபியா கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் அவர்கள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. எல்லோரும் காயல்பட்டினத்துக்காரர்கள். செய்கு முகம்மதுவுக்குக் கீழே மளிகைக் கடை. எனக்கு ஒரு மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. ஊர் வழக்கப்படி ரஹீமா எனக்கு லாத்தா, அதாவது அக்கா; அவர் கணவர் காக்கா, அண்ணன். லாத்தா பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவர். இரண்டு பெண்களை வளர்த்துச் சென்னைக்குப் படிக்க அனுப்பிவிட்டார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே ஊரில் மூன்று கல்யாணங்களைப் பேசி முடித்திருக்கிறார். புழுத்த அரிசியை அனுப்பிய மொத்த வியாபாரியை அவர் போனில் பிடித்த பிடியில், மூட்டை அன்று மாலையே திரும்பிப் போனது.

இப்பேர்ப்பட்ட மனுஷி டாக்டர் அறைக்குள் போனால் ஊமை. அங்கே பேசுவது கணவர். லாத்தாவுக்கு அரபியும் இங்கிலீஷும் வராது. டாக்டர் லாத்தாவைப் பார்த்துக் கேட்பார், கணவர் பதில் சொல்லுவார். எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். அதைக் குறை என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

லாத்தாவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் ஆறு தடவை கீமோ, கட்டி சுருங்கியதும் அதை மட்டும் எடுத்துவிடலாம், மார்பை எடுக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாத்தா பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். இரண்டு கீமோவில் கட்டி நன்றாகவே சுருங்கியது.

மூன்றாவது கீமோவைத் தள்ளிவைத்தார்கள். ஈரல் சரியில்லையாம். அடுத்த வாரமும் தள்ளிவைத்தார்கள், அதற்கடுத்த வாரமும். மூன்றாம் தடவை லாத்தா ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் நானூற்றுப் பத்தில் நின்றது.

“லாத்தா, வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்ல புள்ள. சோறு, கஞ்சி. காலையில மச்சான் ஒரு டம்ளர் மஞ்சப் பால் தர்றாங்க. இருபத்திரண்டு வருசத்துல இப்பத்தான் அடுப்படிக்கே வந்திருக்காங்க. நான் வேணாம்னு சொல்லுவேனா?”

கீழே போய் அடுப்படிக் குப்பைக்கூடையைப் பார்த்தேன். பிரித்துப் போட்ட காப்ஸ்யூல் கூடுகள் கிடந்தன. எண்ணினேன், பதினெட்டு. அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின், உடம்பில் ஏறுவதற்காக மிளகுச் சத்தும் சேர்த்தது. ஒரு நாளைக்கு ஒன்று என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இவர் ஒரு டம்ளருக்கு ஆறு பிரித்துக் கொட்டியிருக்கிறார்.

செய்கு முகம்மதுவைக் கடையிலிருந்து வரவழைத்துக் கேட்டேன். அவர் போனை நீட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், மஞ்சள் புற்றுநோயைக் கொல்கிறது என்று படம் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது மருந்தா புள்ள? மஞ்சள்தானே. கடையில மூட்டை மூட்டையா விக்கிறேன். கீமோவோட இதும் சேந்தா சீக்கிரம் கரையும்னுதான். மாத்திரைன்னா இவ முரண்டு பிடிப்பா, அதான் சொல்லல.”

“காக்கா, அது லேப்ல, கண்ணாடித் தட்டுல கொன்னது. தட்டுல ஊத்தினா பினாயிலும்தான் கொல்லும். அதக் குடிக்கக் குடுப்பீங்களா?”

ஆராய்ச்சி பொய் இல்லை. குர்குமின் வீக்கத்தைக் கிளப்பும் சமிக்ஞைகளை அடக்குகிறது, லேபில் புற்றுநோய்ச் செல்கள் வளர்வதைத் தடுக்கிறது. ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் சேருவது சொற்பம். மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக யாரும் நிரூபிக்கவில்லை. குழம்பில் போடும் கால் கரண்டியால் ஒன்றும் ஆகாது. அதையே வடிகட்டி, மிளகுச் சத்தோடு அளவு தெரியாமல் கொடுத்தால் சிலருக்கு ஈரல் கெடும், கீமோ மருந்தோடும் மோதலாம். அந்த வெள்ளைக் கோட்டு இதில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டது. அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. “டாக்டர் வேற ஏதாவது சாப்பிடுறாங்களான்னு கேக்கலையா?” என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. மாஃபி, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்.”

லாத்தா அங்கேயேதான் நின்றார். “என்னக் கேட்டாரா? எங்கிட்ட ஏன் சொல்லல?” செய்கு முகம்மது போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாலை நிறுத்தினோம். ஈரல் தேறி மூன்றாவது கீமோ தொடங்குவதற்குள் மொத்தம் எட்டு வாரம் போய்விட்டது. கீமோ எல்லாம் முடிந்து ஸ்கேன் பார்க்கும் நாளில் லாத்தா என்னையும் கூட வரச் சொன்னார். “இனிமே நீதான் பேசணும். டாக்டர் சொல்றதுல ஒரு வார்த்த விடாமச் சொல்லு.”

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். நின்றுபோன வாரங்களில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது, பிறகு கொடுத்த கீமோவுக்கு நினைத்த அளவு அடங்கவில்லை, மார்பை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார். தாமதம்தான் காரணமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். டாக்டர் அப்படித்தான் சொல்லுவார். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தாமதம்தான் காரணம் என்றே நான் சொல்லுவேன். எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் லாத்தாவுக்குச் சொன்னேன்.

லாத்தா அழவில்லை. மேலே கிடந்த துப்பட்டியை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். அழுதது செய்கு முகம்மதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அல்லாஹ் நாடினது இதுதான் போல ரஹீமா” என்றார்.

லாத்தா அவர் பக்கம் திரும்பினார்.

“அல்லாஹ்வ இதுல இழுக்காதீங்க. டாக்டர் என்னத்தான் கேட்டாரு. பதில் சொன்னது நீங்க.”