தென்னையில் கட்டிய கார்

என் கையால் நான் உருப்படியாகச் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு காருக்கு ரேடியோ பொருத்திப் பூட்டியது. யாராவது அதைப் பெருமையாக எடுத்துப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், எழுந்து போய்விடுவேன். வயதாக ஆகக் கோபமும் கூடுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் கிழக்கிலங்கையில் மருதமுனைக்காரன். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருந்தேன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. என்னுடையது என்று சொல்ல அங்கே இருந்தது வேலிக்கு வெளியே நின்ற ஒரு பழைய இங்கிலீஷ் கார் மட்டும். அதைக் கல்முனைச் சந்தியில் நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடினேன். என் மனைவியின் வாப்பா, அதாவது மாமா, உயிரோடு இருந்தவரை அந்தக் காரையும் மதித்ததில்லை, என்னையும் மதித்ததில்லை. "இவர்ர கையில குடுத்தா நல்ல சாமானும் பழுதாப் போயிரும்" என்று என் காதுபடவே சொல்வார். கிணற்றுக் கப்பியைத் திருத்தப் போய், கப்பி, வாளி, கயிறு மூன்றையும் நான் கிணற்றுக்குள் போட்டது உண்மைதான். அதற்காக ஒரு மனிதனை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவதா? விருந்தாளி வந்தால் தேத்தண்ணீருக்கு முன்னால் கப்பிக் கதைதான் வரும்.

அந்த மாமா திடீரென்று மௌத்தானார். மாமி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மாமி இருந்தது ஒழுங்கைப் பக்கத்து அறையில். அதற்கு ஒரே ஒரு ஜன்னல். ஆள் நடமாட்டம் குறைந்த குறுகலான ஒழுங்கை என்பதால் அந்த ஜன்னலைக் காற்றுக்காகக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு எதிரே மார்பளவுக்குத் தென்னோலைக் கிடுகு வேலி, வேலியை ஒட்டி என் கார். மருமகன் என்பதால் மாமி முகம் பார்த்துப் பேசக்கூடிய சில ஆண்களில் நானும் ஒருவன்.

மாமிக்கு ஒரே மகன், என் மச்சான். கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். மாமி ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். மச்சானுக்கும் அலிப் எழுத்துத் தொடங்கி எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மாமா மௌத்தாகி ஒரு மாதம் போயிருக்கும், அவனிடமிருந்து கடிதம் வந்தது. மாமிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டில் கடிதம் வாசிப்பதும் எழுதுவதும் என் வேலை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் தன்னைக் குர்ஆன் கிராஅத் ஓதக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

மாமி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அது இஞ்ச கேக்குமா மகன்?"

எங்கள் பகுதியில் ரேடியோ இருந்தது ஒரு முதலாளி வீட்டில் மட்டும். அங்கே மாமி போக முடியாது. வீட்டில் மின்சாரம் கிடையாது. நான் யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"கார்ல ரேடியோ பூட்டுறன் மாமி. கார்ட பெட்டரியிலயே வேலை செய்யும். ஜன்னலுக்கு நேரா நிப்பாட்டினா நீங்க இரிந்த இடத்திலயே கேக்கலாம்."

"உங்களுக்கு ஏலுமா மகன்?"

"ஏலும்."

"கப்பி மாதிரி ஆகாமப் பாத்துக்கங்க" என்றாள் என் மனைவி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு மாமாவே கபுறிலிருந்து எழுந்து வந்து சொன்ன மாதிரி இருந்தது.

இங்கினியாகலப் பக்கம் பெரிய குளம் கட்டிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வாகனங்கள் அங்கே கிடந்தன. அங்கே எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர், ஓடாமல் கிடந்த ஒரு அமெரிக்கன் காரின் ரேடியோவைக் கழற்றி வைத்திருந்தார். அதை வாங்கி வந்தேன். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிற கறுப்பு இரும்புப் பெட்டி. செங்கல் நாலைச் சேர்த்துத் தூக்கினால் வருகிற பாரம். என் காரில் அதை வைக்க இடமே இல்லை. பெட்டிப் பலகை ஒன்றை அறுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தும்புக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். பார்க்கச் சகிக்காது. ஆனால் விழவில்லை.

வயர் பூட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பெட்டரியிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்தேன். மற்ற வயரைக் காரின் உடம்பில் தொடுத்தேன். ஸ்விட்சைத் திருப்பியதும் பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. கையில் வேறு பியூஸ் இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தேன். அப்படிச் செய்யலாம் என்று சந்தியில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பியூஸ் போகவில்லை, வயர்தான் புகையத் தொடங்கியது. பதறிப் பிடித்து இழுத்ததில் இரண்டு விரல் வெந்துபோனது. ஜன்னலுக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது.

"புள்ள, சோறு அடிப்பிடிக்குது போல கிடக்கே, பாருங்க."

நான் சத்தம் போடாமல் காருக்குள் படுத்திருந்தேன்.

என் காரில் தினமும் பள்ளிக்கூடம் போகும் காரைதீவு மாஸ்டர் ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியும். மறுநாள் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"சில காருக்கு பிளஸ் உடம்போட போகுமாம், சில காருக்கு மைனஸ் போகுமாம். உமக்கு எது?"

"எனக்கென்ன தெரியும் மாஸ்டர்?"

"அப்ப பெட்டரியப் போய்ப் பாரும்."

பார்த்தோம். ரேடியோ வந்த காருக்கும் என் காருக்கும் நேர் எதிர். பெட்டிக்குள் சின்னப் பால் டின் மாதிரி ஒரு உருளை இருக்கிறது, அதைப் பிடுங்கி அரைவட்டம் திருப்பிச் செருக வேண்டும் என்று காகிதம் சொன்னது. மாஸ்டர் விளங்காமல் வாசித்தார், நான் விளங்காமல் செய்தேன். புது வயரும் பியூஸும் போட்டு ஸ்விட்சைத் திருப்பினேன். பியூஸ் போகவில்லை. உள்ளே ஏதோ உறுமியது, பிறகு இரைச்சல் வந்தது. சட்டியில் மீன் பொரிகிற இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரலை எடுக்க எனக்கு இன்னும் ஒரு கிழமை பிடித்தது. என்ஜின் ஓடினால் ஒன்றுமே கேட்காது என்பது தெரிந்தது. பகலில் கொழும்பு பிடிபடாது, பொழுதுபட்ட பிறகுதான் பிடிபடும் என்பதும் தெரிந்தது. ரேடியோவின் ஏரியல் கம்பி உயரத்தில் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் எங்கோ கேட்டு வந்து சொன்னார். தேங்காய் பறிக்கிறவரைப் பிடித்து, வளவுத் தென்னையின் உச்சியில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டுவித்து, அதன் மறுமுனையைக் கார் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து பெட்டியில் சொருகினேன். ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன, காரையும் மாடு மாதிரிக் கட்டிப் போட்டிரிக்கிறாரு" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று மஃரிபுக்குப் பிறகு குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன். திடீரென்று ஒரு மனிதர் தமிழில் பேசினார், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக. வேலிப் பக்கக் கார்க் கதவை அகலத் திறந்துவிட்டேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாமியின் வெள்ளைப் புடவை தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். எவ்வளவு தெளிவாக் கதைக்கிறாரு மகன் அந்த மனிசன்" என்றார். பிறகு, "மாமா இரிந்து இதப் பாத்திருக்கணும்" என்றார்.

அத்தோடு நான் நின்றிருக்கலாம். நான் அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல்லை மாமி சொல்லிவிட்டார். எனக்குப் போதவில்லை. ஒரு பொம்பிளை, அதுவும் வீட்டுக்குள் இருந்து சொன்னது எனக்கு ஒரு பாராட்டாகவே படவில்லை. அந்தப் புத்தியை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. மறுநாளே சந்தியில் நின்று மற்ற டிரைவர்மாரிடம் அளந்தேன். என் கையாலேயே பூட்டினேன் என்றேன். வெள்ளிக்கிழமை என் மச்சான் ஓதப்போகிறார், வந்து பாருங்கள் என்றேன். மாஸ்டர் வாசித்துச் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமி பின்னேரம் அஸர் தொழுததிலிருந்து தயாராக இருந்தார். ஜன்னலுக்குக் கீழே பாயை விரித்து, குர்ஆனை ரேஹால் என்கிற மடிப்புப் பலகையில் வைத்துக்கொண்டார். மகன் ஓத ஓத, தான் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்றார். நான் வேலிப் பக்கக் கதவைத் திறந்து, ஒழுங்கைப் பக்கக் கதவைச் சாத்தி, எல்லாம் சரியாக வைத்திருந்தேன். மஃரிப் முடிந்தது. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். தலையில் தொப்பியோடு முப்பது நாற்பது பேர் வந்து ஒழுங்கையை அடைத்து நின்றார்கள்.

"இந்தப் பக்கக் கதவையும் திறங்க, ஒண்டும் கேக்குதில்ல" என்றார் ஒருவர். திறந்தேன். அப்போதும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் சுற்றி வந்து, காருக்கும் வேலிக்கும் இடையிலிருந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கிடுகு வேலியிலேயே சாய்ந்தார். அவர் தலைக்கும் மாமியின் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முழம் கூட இருக்காது.

ஜன்னல் சாத்தப்பட்டது. என் மனைவியின் கை வந்து கதவை இழுத்ததை நான் பார்த்தேன். தடித்த முதிரை மரப் பலகை. கொண்டி விழுந்த சத்தமும் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். "அங்கால போங்க, உள்ளுக்கு இத்தாவில இரிக்கிறாங்க" என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே விலகியிருப்பார்கள். மரியாதை தெரிந்த ஆட்கள். மாமி எந்த அறையில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதே நேரம் சந்தியில் என்னைக் கப்பிக்காரன் என்று பகிடி பண்ணுகிற டிரைவர் ஒருவர் என் தோளில் கை வைத்தார்.

"சும்மா சொல்லப்படாது மச்சான், கெட்டிக்கார வேலைக்காரன் நீ!"

வாயை மூடிக்கொண்டேன். பலகைக்கு ஊடாகவும் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சத்தக் குமிழை இன்னும் திருப்பினேன். அறிவிப்பாளர் மச்சானின் பெயரைச் சொன்னார். மச்சான் ஓதினான். சிலர் தலையைக் குனிந்து நின்றார்கள். சிலர் தென்னையைக் காட்டி, அந்தக் கம்பி எதற்கு என்று என்னிடம் கேட்டார்கள். நான் விளக்கிக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்குள் போனேன். மாமி அந்தப் பாயிலேயே இருந்தார். குர்ஆன் மூடியிருந்தது.

"கேட்டிச்சா மாமி?"

மாமி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "இரைச்சல் மட்டும் வந்திச்சு மகன். பரவாயில்ல" என்றார்.

என் மனைவி என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "உம்மாக்கு எண்டுதானே பூட்டின நீங்க? ஊருக்கு எண்டா ஊருக்கு எண்டு சொல்லியிரிக்கலாமே. அவ அஸர்ல இரிந்து அந்த ஜன்னலடியில இரிந்தவ" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் பட்ட பாடு, வெந்த விரல் எல்லாவற்றையும் சொல்லிச் சத்தம் போட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மாமியிடம் போனாள். அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை.

ரேடியோ பூட்டுவதை நான் முன்பே மச்சானுக்கு எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து அவன் கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். "உம்மா, மச்சான் புண்ணியத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் ஓதினேன். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினேனா? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேனா? ஒரு இடத்தில் மூச்சு முட்டி இடையில் விட்டுவிட்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிழை இருந்தால் எழுதுங்கள்" என்று இருந்தது. கடைசி வரிகளை வேகமாக வாசித்துக் கடிதத்தை மடித்தேன்.

மாமி கேட்டார், "எந்த சூறா மகன், அவன் ஓதின?"

குர்ஆனில் எந்த அத்தியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. காருக்குப் பக்கத்தில் நின்றவன் நான், குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவன் ஓதியதில் ஒரு சொல் கூட என் காதில் ஏறவில்லை. என்னைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அப்படியே ஒப்புவித்திருப்பேன்.

"விசாரிச்சுட்டு வாறன் மாமி" என்று எழுந்து சந்திக்குப் போனேன். ஒருவர் யாஸீன் என்றார். இன்னொருவர் இல்லை, ரஹ்மான் சூறா என்று அடித்துச் சொன்னார். என் தோளில் கை வைத்த டிரைவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது ஞாபகமில்ல மச்சான். ஆனா பெட்டி என்ன மாதிரி எடுத்திச்சு!"

திரும்பி வந்து சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். மாமி தலையை ஆட்டினார். பேனாவை எடுக்கச் சொன்னார்.

"எல்லாம் கேட்டது, நல்லா ஓதினீங்க எண்டு எழுதட்டா மாமி?"

"வேணாம் மகன், பொய் எழுத வேணாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மகன், நீங்க ஓதினதுல ஒரு பிழையும் உம்மாட காதுல விழல்ல எண்டு எழுதுங்க. மூச்சு விட்டதும் எனக்குத் தெரியல்ல எண்டு எழுதுங்க. அது உண்மைதானே."

எழுதினேன். கீழே அவருக்காகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். மச்சானின் பதில் உடனே வந்தது. உம்மாவே பிழை இல்லை என்று சொன்ன பிறகு தனக்கு வேறு யாருடைய சொல்லும் தேவையில்லை என்று எழுதியிருந்தான். ரேடியோ பூட்டித் தந்த மச்சானுக்கு விசேஷமாக ஸலாம் சொல்லியிருந்தான். மாமி பாயில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, அதையும் நான் வாசித்துக் காட்டினேன்.